எங்கள் தெரு ஐஸ் கடையின் வம்ச சரித்திரம்

மதுரை மாநகரில் ஜவுளி வியாபாரம் செய்து வந்த குடும்பங்களும், பாத்திரக் கடை வைத்திருந்த குடும்பங்களும், மளிகை மண்டி நடத்திய குடும்பங்களும் ஒரு தலைமுறையில் தோன்றி, அடுத்த தலைமுறையில் செழித்து, மூன்றாம் தலைமுறையில் கடையின் நட்ட நடுவே செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் 'அசல்' என்றும் அந்தப் பக்கம் 'ஒரிஜினல்' என்றும் பலகை மாட்டிக்கொண்டு பிரிந்துபோவதை நான் சிறு பிராயம் முதல் பார்த்து வருகிறேன். இந்தப் பொது விதிக்கு விலக்காக, எங்கள் தெருக் கோடியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில், மூன்று தலைமுறைகளாக ஒரே கல்லாப்பெட்டியும் ஒரே சாவியுமாக நடந்துவரும் ஸ்தாபனம் ஒன்று உண்டு. அதுதான் ஐஸ் கடை.

அந்தக் குடும்பத்தார் சகோதர வாத்ஸல்யத்தில் ராம லக்ஷ்மணர்களுக்கு ஒப்பானவர்கள் போலும் என்று வாசகர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். சண்டையில் அவர்களுக்கு நிகரான குடும்பம் வைகையின் இரு கரையிலும் கிடையாது. அண்ணன் தம்பி சண்டை, ஓரகத்திகள் சண்டை, சித்தப்பனுக்கும் அண்ணன் மகனுக்கும் சண்டை என்று சாஸ்திரோக்தமான எல்லா வகைச் சண்டைகளும் அங்கே குறைவின்றி நடந்திருக்கின்றன. ஆயினும் அவர்கள் பிரியவில்லை. ஏன் பிரியவில்லை என்ற ரகசியத்தை ஆராய்வதே இந்தச் சரித்திரத்தின் நோக்கம்.

சரித்திரம் எழுதப் புகுந்தவன் முதலில் ஆண்டை நிர்ணயிக்க வேண்டும் என்பார்கள். அந்த முதற்படியிலேயே எனக்குக் கால் இடறிற்று. மூத்த மகனைக் கேட்டால், 1946 பிப்ரவரியில் காந்தி மகாத்மா மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலில் தரிசனம் செய்தபோது கூடிய ஜன சமுத்திரத்தில் தம்முடைய தகப்பனார் ஐஸ் விற்றதாகவும், கடையின் ஆரம்பம் அதுவே என்றும் சத்தியம் செய்கிறார். இளைய மகனைக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் ஐயா இருந்தது உண்மைதான், ஆனால் அவர் ஐஸ் விற்கவில்லை, ஐஸ் விற்ற இன்னொருவருக்குக் கைவண்டி தள்ளினார், ஆகவே சொந்தக் கடை 1948-இல்தான் என்று திருத்துகிறார். வணிகவியல் படித்துத் தேறிய பேரனோ, வியாபாரத்துக்குப் பழமை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மதிப்பு என்ற சித்தாந்தத்தை உடையவன். காந்தி மதுரைக்கு வந்தார் என்றால் அவர் இங்கே முழு உடை களைந்து அரையாடை பூண்ட 1921-ஐயே போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னான். ஸ்தாபகர் அந்த வருஷத்தில் ஜனிக்கவே இல்லை என்ற சிறு ஆட்சேபம் அவனுடைய உற்சாகத்தைக் குறைக்கவில்லை.

கடைசியில் ஸ்தாபகரின் மனைவியாரை, அதாவது தெரு முழுவதும் வயசு வித்தியாசமின்றி 'அப்பத்தா' என்று அழைக்கும் அந்த அம்மாளை அணுகினேன். "எங்க கலியாணத்துக்கு மறு வருசம் ஆரம்பிச்சது" என்று அவர் திட்டவட்டமாகச் சொன்னார். கலியாணம் எந்த வருஷம் என்றேன். "அது அவருக்குத்தான் தெரியும். அவரு போய்ச் சேந்துட்டாரு" என்றார். இந்த மூன்று கட்சிகளுக்கும் சமரசம் ஏற்படாததால், கடைப் பலகையில் இன்றைக்கும் 'தொடக்கம்' என்ற எழுத்துக்களும், அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் தாராளமாக உட்காரும்படியான வெற்றிடமும் இருக்கின்றன.

ஐஸ் என்னும் வஸ்து தமிழ்நாட்டுக்கு வந்த விதமே ஒரு பெரிய சாகசம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்னும் வர்த்தகர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை விறகு அறுப்பதுபோல் அறுத்து, மரத்தூள் போர்த்தி, கப்பலில் ஏற்றி, உஷ்ண தேசங்களில் விற்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர். 1833-இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் சுமார் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய நான்கு மாதம் பிரயாணம் செய்து, பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து, சுமார் 100 டன் மிச்சத்துடன் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. பிறகு 1842-ஆம் வருஷ வாக்கில் சென்னைக் கடற்கரையில் அவர் தம் சரக்குக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இங்கேயே யந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்தக் கப்பல் வியாபாரம் படுத்துவிட, கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்னும் வக்கீல் வாங்கினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். வால்டன் குளத்தில் ஆட்கள் ஐஸ் அறுப்பதைக் கண்ட தோரோ என்ற ஞானி, சென்னைவாசிகளும் கல்கத்தாவாசிகளும் தம்முடைய குளத்து நீரைப் பருகப் போகிறார்கள் என்று எண்ணி மகிழ்ந்து, அதைத் தம் புத்தகத்திலும் எழுதி வைத்தார். சென்னைவாசிகள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஞானிகளுக்கு அது அவசியமும் இல்லை.

எங்கள் ஐஸ்கார ஐயாவின் கடற்பிரயாணம், ஐஸ் பாக்டரியிலிருந்து எங்கள் தெரு வரையில் ஒன்றரை மைல் தூரம். பாளம் பாளமாக ஐஸை வாங்கி, கைவண்டியில் அடுக்கி, மரத்தூள் தூவி, நனைந்த சாக்கைப் போட்டு மூடி, பங்குனி சித்திரை வெயிலில் தள்ளிக்கொண்டு வருவார். டியூடர் நான்கு மாதத்தில் இழந்த விகிதத்தையே இவர் ஒன்றரை மைலில் இழந்தார் என்று கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். சமுத்திரத்தில் டீக்கடைகள் கிடையாது என்பதையும், எங்கள் வழியில் நான்கு இருந்தன என்பதையும், நான்கிலும் அவருக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் வந்து இறங்கியதும் கடையின் பின்கட்டில் ஒரு யாகம் தொடங்கும். பெரிய மரவாளி, அதன் நடுவே மூடி போட்ட தகர டப்பா, டப்பாவுக்குள்ளே துடுப்பு, மூடிக்கு மேலே பல்சக்கரமும் கைப்பிடியும். இந்தக் கைப்பிடி யந்திரத்துக்கு 1843-ஆம் வருஷமே நான்ஸி ஜான்ஸன் என்னும் அமெரிக்க ஸ்திரீ காப்புரிமை வாங்கியிருந்தார் என்ற சங்கதி எங்களுக்கு அப்போது தெரியாது, ஐயாதான் அதைச் செய்தார் என்று நம்பியிருந்தோம், அவரும் மறுக்கவில்லை. ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை சேர்த்து, மூன்றில் ஒரு பங்கு சுண்டும்படி காய்ச்சி ஆற வைத்த பாலை டப்பாவில் ஊற்றுவார்கள். ஐஸை ஒரு சாக்கில் கட்டி மரச் சுத்தியலால் அடித்து நொறுக்கி, டப்பாவைச் சுற்றிலும் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கல்லுப்பு என்று அப்பத்தா அடுக்குவார். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்பது கணக்கு. அவர் படி கொண்டு அளந்ததில்லை. உள்ளங்கை கொண்டே அளந்தார்.

உப்புப் பட்டதும் ஐஸ் உருகும். உருகுவதற்கு வேண்டிய உஷ்ணத்துக்கு வேறு போக்கின்றிப் பக்கத்திலிருக்கும் பாலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். சரியான அளவில் உப்புக் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரையில் அந்தக் குளிர் இறங்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது வகுப்பில் புரிந்துகொண்டவர்கள், எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டுமே. ஏனென்றால் கைப்பிடி சுற்றுவதற்கு நாங்கள்தான் கூலிகள். பெரிய பையன்கள் முறை வைத்துச் சுற்றுவார்கள். சுற்றும் வேகத்தில் வாளி நகர்ந்துவிடாமல் அதன்மேல் நாலாக மடித்த சாக்கைப் போட்டு அதில் ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அந்தப் பையன் நான். பாரமாக இருப்பது என்பது நான் பார்த்த முதல் உத்தியோகம்; பிற்காலத்தில் சர்க்கார் ஆபீஸில் எனக்கு அந்த அனுபவம் வெகுவாகக் கைகொடுத்தது.

முதலில் கைப்பிடி லேசாகச் சுற்றும். உள்ளே பால் சளசளவென்று அலையும். கால் மணி நேரம் சென்றால் சத்தம் தடித்து, சுற்றுகிறவன் பல்லைக் கடிக்க ஆரம்பிப்பான். அதற்கும் பிறகு சத்தமே அடங்கி, கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஒரு முனகலாக வந்து நிற்கும்போது, அப்பத்தா "போதும்டா, கட்டிருச்சு" என்பார். மூடியைத் திறந்து துடுப்பை உருவி எங்களிடம் கொடுப்பார். அதில் ஒட்டியிருப்பதை நக்கித் தீர்ப்பதே சம்பளம். உப்புத் தண்ணீர் சாக்கின் வழியே ஊறி என் கால்சட்டையின் பின்புறத்தை நனைத்து, வீட்டுக்குப் போவதற்குள் வெயிலில் காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். "எங்கேடா போயிருந்தாய்?" என்று என் தாயார் ஒருநாளும் கேட்டதில்லை, திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிரம்பை எடுப்பார்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதற்கு அப்புறம்தான். 'கட்டிருச்சு' என்று அப்பத்தா சொன்ன க்ஷணத்திலிருந்து கடையில் உள்ள சகல ஜீவன்களுக்கும் ஒரே ஒரு வேலைதான்: உருகுவதற்குள் விற்க வேண்டும். ஜவுளிக் கடைக்காரர் தம்பியோடு காலையிலிருந்து சாயங்காலம் வரையில் சண்டை போட்டாலும் சுங்குடிப் புடவை மடிப்புக் கலையாமல் அலமாரியில் காத்திருக்கும். பித்தளை அண்டா தலைமுறைக் கணக்கில் காத்திருக்கும். ஐஸ் காத்திராது. கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருவதற்குக் கால் மணி அவகாசம்கூட அந்த வியாபாரம் கொடுப்பதில்லை. பாகப்பிரிவினைக்கு மூல காரணம் சொத்து அல்ல, ஓய்வுதான் என்ற என் சித்தாந்தம் பிறந்த இடம் அந்த மரவாளி.

இரண்டாம் தலைமுறையில், அண்ணனும் தம்பியும் தலையெடுத்ததும், வீட்டுக் கொல்லையில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அச்சுக்களை இறக்கி, சாயத் தண்ணீரையும் பாலையும் ஊற்றி, அரைகுறையாக இறுகும் சமயத்தில் குச்சியைக் குத்தி, இறுகிய பின் அச்சைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால், ஐஸ் வழுக்கிக்கொண்டு கையில் வந்துவிடும். 1905-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் பிராங்க் எப்பர்ஸன் என்ற பதினோரு வயசுப் பையன், பானக் கோப்பையைக் கலக்கும் குச்சியோடு இரவில் வெளியே மறந்து வைத்துவிட்டு, காலையில் அது குச்சி ஐஸாகி நிற்பதைக் கண்டான் என்றும், பெரியவனாகி 1924-இல் அதற்குக் காப்புரிமை பெற்றான் என்றும் சரித்திரம் சொல்கிறது. மதுரையில் எத்தனை பையன்கள் எத்தனை கோப்பையை இரவில் வெளியே வைத்து மறந்தாலும் காலையில் அதில் எறும்புதான் இருக்கும். புத்தி இருந்தால் மட்டும் போதாது, சீதோஷ்ணமும் ஒத்துழைக்க வேண்டும்.

சைக்கிள் காரியரில் மரப்பெட்டியும், ஹாண்டில் பாரில் ரப்பர் ஹாரனுமாக நாலு பேர் புறப்பட்டுப் போவார்கள். 'பாம் பாம்' என்ற அந்த ஒலி கேட்டால், ஐந்து பைசா ஆரஞ்சு ஐஸுக்கும் பத்துப் பைசா பால் ஐஸுக்கும் தெருத் தெருவாகப் பிள்ளைகள் தாயாரின் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். இந்தக் காலத்தில்தான் சேமியா ஐஸ் தோன்றியது. அதனுடன் சேமியா ஐஸ் தகராறும் தோன்றியது. குச்சியின் நுனியில் கொத்தாகச் சேமியா தொங்கும் அந்த அபூர்வப் பண்டத்தை முதன்முதலில் உண்டாக்கியது, மிஞ்சிப்போன பாயசத்தை அச்சில் ஊற்றிப் பார்த்த தம்முடைய மனைவிதான் என்று அண்ணன் சொல்வார். பாயசம் அண்ணியார் செய்தது, அச்சில் ஊற்றியது தாம் என்று தம்பி சொல்வார். பாயசத்தை மிஞ்ச வைத்ததே பக்குவக் கேடு, அதற்குப் பெருமை வேறா என்று தம்பி மனைவி சொல்வார். மதுரையில் மற்றெல்லா ஐஸ்காரர்களும் அதையே விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் மூவரும் சொல்லமாட்டார்கள்.

இதைக் கேட்டு நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கோன் ஐஸ் விஷயத்தில் உலகமே இப்படித்தான் அடித்துக்கொண்டது. இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய இடாலோ மார்க்கியோனி, தின்னக்கூடிய கிண்ணங்கள் வார்க்கும் அச்சுக்கு 1903-இல் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். மறு வருஷம் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில், ஸலாபியா என்னும் மெல்லிய பணியாரம் விற்றுக்கொண்டிருந்த சிரியா தேசத்து எர்னஸ்ட் ஹம்வி, பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கிண்ணம் தீர்ந்துபோனதைக் கண்டு தம் பணியாரத்தைச் சுருட்டி நீட்டினாராம். அதே பொருட்காட்சியில் சுருட்டியது நாங்கள்தான் என்று வேறு பலரும் பிற்பாடு கிளம்பிவிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே குடும்பத்தினராக இருந்திருந்தால் கடை என்ன கதி ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் தெருவை உத்தேசித்துச் சொன்னால், ஒன்றும் ஆகியிருக்காது.

ஏனென்றால், இந்தக் குடும்பத்தில் சண்டைக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் ஐஸ் வியாபாரம் படுத்துவிடும். அண்ணன் திண்ணையின் ஒரு கோடியிலும் தம்பி மறு கோடியிலுமாக உட்கார்ந்து, போன கோடையில் யார் எத்தனை குச்சிக்குக் கணக்குச் சொல்லவில்லை, யாருடைய மாமனார் வீட்டுக்கு ஓசியில் எத்தனை பால் ஐஸ் போயிற்று என்று ஆரம்பிப்பார்கள். கார்த்திகையில் சமையல் வேறாகும். மார்கழியில் வாசல் கோலமே இரண்டாகும். தை பிறந்ததும் குரல் சற்றுத் தணியும். மாசியில் அச்சுக்களைக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டியிருப்பதால் பேச்சு வார்த்தை மறுபடி தொடங்கும். பங்குனியில் ஒரே உலை. சித்திரையிலோ, அவர்கள் ராம லக்ஷ்மணர்களே.

சித்திரை மாதத்தை மதுரையின் ஐஸ்காரர்களுக்கு வரமாகக் கொடுத்தவர் திருமலை நாயக்கர். மாசி மாதத்தில் நடந்து வந்த மீனாட்சி கல்யாணத்தை அவர்தான் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்து வைத்தார் என்பது மதுரையில் வழங்கும் வரலாறு. கல்யாணத்துக்கு ஒரு ஜனம், தேருக்கு ஒரு ஜனம், சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் அழகரைக் காண ஒரு ஜனம் என்று ஊர் கொள்ளாத கூட்டம், அதுவும் வெயில் மண்டையைப் பிளக்கும் சமயத்தில்! கடையில் விநாயகர் படத்துக்கும் மீனாட்சி படத்துக்கும் நடுவே கிழிந்த காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய நாயக்கர் படம் ஒன்று இருக்கிறது. மகால் கட்டியதற்காக அல்ல. இந்த மகா விழாவில் அவர்களுக்கு உள்ள ஒரே சத்துரு தர்மம்தான். நூறடிக்கு ஒரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் இனாமாக வார்க்கும் புண்ணியவான்களைக் கண்டால் அண்ணன் முகம் கறுத்துவிடும். "இவுங்க மோட்சத்துக்குப் போறதுக்கு நம்ம பொழப்புல வழி போடுறாங்க" என்பார்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகையில் சண்டை வழக்கத்துக்கு மேல் முற்றி, தம்பி ஒரு வக்கீலைப் பிடித்துப் பாகப்பிரிவினைக்குப் பிராதே தாக்கல் செய்துவிட்டார். மரவாளி ஒன்று, தகர டப்பா இரண்டு, சைக்கிள் நான்கு, ரப்பர் ஹாரன் நான்கு (ஒன்று ஊதாது) என்று சொத்து விவரம் கண்ட அந்தப் பிராதை, தெருவே கூடிப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டது. நம் நாட்டில் சிவில் வழக்கின் வேகத்தைக் குறை கூறுபவர்கள் அநேகர். அவர்கள் இதைக் கேட்க வேண்டும். கார்த்திகையில் கொடுத்த பிராது நம்பராகி, சம்மன் எழுதி, அது அமீனாவின் கைக்கு வந்து சேர்ந்தபோது சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விடுவதற்குள் சம்மனைச் சார்வு செய்துவிட வேண்டும் என்ற கடமை உணர்ச்சியோடு அந்த மனிதர், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின தினம், உச்சி வெயிலில் கடை வாசலுக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில் கைவண்டியிலிருந்து ஒரு முழுப் பாளத்தைச் சாக்கோடு சேர்த்துப் பிடித்து, ஒரு தலைப்பில் அண்ணனும் மறு தலைப்பில் தம்பியுமாகப் பக்கவாட்டில் நடந்து கடைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

"பிரதிவாதி யாருங்க?" என்றார் அமீனா.

"நாந்தான். இப்பக் கைய விட முடியாது. விட்டா இது தம்பி கால்ல விழுந்துரும்" என்றார் அண்ணன்.

"அப்ப வாதி?"

"அங்கிட்டுப் பிடிச்சிருக்கான் பாருங்க, அவன்தான்."

இருபது வருஷ சர்வீஸில் வாதியும் பிரதிவாதியும் ஒரே பொருளை ஒரே திசையில் இழுத்து அமீனா பார்த்ததில்லை. அவர் திகைத்து நிற்கையில் கல்லாவிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது: "ஐயா, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, நடுவுல கொஞ்சம் தாங்கிப் பிடிங்க. உருகுதில்ல?" கோர்ட்டு உத்தரவுக்குப் பணிந்து பழகியவர் அந்த உத்தரவுக்கும் பணிந்தார். சம்மனை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாளத்தின் மேலேயே வைத்துவிட்டுத் தாங்கினார். உள்ளே போய் இறக்கி வைத்துப் பார்க்கும்போது, கனம் கோர்ட்டாரின் கட்டளை நீல நிறமாகக் கரைந்து சாக்கின் வழியே வடிந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு சேமியா ஐஸ் கொடுத்தார்கள். விடுமுறை கழிந்து கோர்ட்டுத் திறந்தபோது, மறு சம்மனுக்கு வேண்டிய படிப்பணத்தை வாதி கட்டவில்லை, ஆஜராகவும் இல்லை, வழக்குத் தள்ளுபடியாயிற்று. வக்கீல் பீஸில் பாதியை அண்ணன் கொடுத்தார் என்று கேள்வி.

இப்படிச் சௌக்கியமாக நடந்துவந்த குடும்பத்துக்கு, மூன்றாம் தலைமுறையில் ஓர் ஆபத்து வந்தது. அதன் பெயர் டீப் பிரீஸர். பேரன் அதைக் கொண்டுவந்து இறக்கிய அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கிற்று. ஏனென்றால் அந்த வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த சரக்கு, புடவையைப்போலவும் அண்டாவைப்போலவும், காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. என் சித்தாந்தப்படி இனி அவர்கள் கோடையிலும் சண்டை போடலாம்.

போட்டார்கள். பேரன் படித்த படிப்புக்கு ஏற்பத் தகராறும் உயர்தரமாக இருந்தது. பாலைத் துடுப்புக் கொண்டு அடிக்கும்போது காற்றுப் புகுந்து அளவு பெருகும். யந்திரத்தால் அடித்தால் இன்னும் பெருகும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டமே தவிர, அதுவரையில் காற்றை அடைத்து விற்கலாம் என்று பேரன் எடுத்துரைத்தான். ஐஸ்கிரீம் என்று பெயர் வைத்தால் நூற்றுக்குப் பத்துப் பங்கு பால் கொழுப்பு வேண்டும். அதற்குப் பதில் தாவர எண்ணெயைச் சேர்த்து 'பிரோஸன் டெஸர்ட்' என்று சின்ன எழுத்தில் போட்டுக்கொண்டால் செலவு குறையும் என்றும் சொன்னான். சித்தப்பா ஆமோதித்தார். தகப்பனார் துண்டை உதறினார். அப்பத்தா, "காத்த அடைச்சு விக்கிறதுக்குச் சைக்கிள் கடை வைக்கலாமேடா. எண்ணெய் விக்கிறதுக்குச் செக்கு வைக்கலாமே" என்று தீர்ப்புச் சொல்லி அந்தப் பிரேரணையைத் தோற்கடித்தார். ஆனால் சண்டை ஓயவில்லை. மருமகள்மார் தத்தம் கணவன்மாருக்காகப் பேச ஆரம்பித்தார்கள். பங்குனியில் வழக்கமாக ஒன்றாகும் உலை அந்த வருஷம் ஒன்றாகவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது 2012-ஆம் வருஷத்து மின்வெட்டு. நாளில் பாதி நேரம் மின்சாரமின்றித் தமிழ்நாடே விசிறியும் கையுமாகச் சபித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஒரு கடையில் மட்டும் குடும்ப ஐக்கியம் புனர்ஜன்மம் எடுத்தது. மின்சாரம் நின்ற க்ஷணத்தில் பிரீஸரும் பழைய மரவாளியும் ஒன்றாகிவிட்டன. அண்ணன் ஒரு பக்கம் கூவ, தம்பி ஒரு பக்கம் கூவ, ஓரகத்திகள் வீடு வீடாகக் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ள, மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு இனாமாகக் கொடுக்க, அந்த வருஷம் சமையல் பங்குனியில் அல்ல, மாசியிலேயே ஒன்றாயிற்று.

பிற்பாடு மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியது. ஊரார் மகிழ்ந்தார்கள், எனக்கு மறுபடியும் கவலை. நான் பயந்தபடியே, ஒரு சித்திரையில், கத்திரி வெயில் பிறப்பதற்கு முன்பே, யாருடைய மகளுக்கு முதலில் வளையல் செய்வது என்ற விஷயத்தில் ஓரகத்திகள் இருவரும் கடை வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள். கணவன்மார் வந்து சேர்ந்துகொண்டார்கள். செங்கல் சுவர், தனித் தனிப் பலகை என்ற வார்த்தைகளெல்லாம் என் காதில் விழுந்தன. திடீரென்று கடையில் மின்சாரம் நின்றது. "ஐயையோ, பெட்டி நெறையச் சரக்கு இருக்கே!" என்று ஒருவர் அலற, நால்வரும் வளையலை மறந்து நாலு திசையிலும் பாய்ந்தார்கள். அரை மணியில் வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. மூத்தவர் கரண்டியால் எடுத்துக் கொடுக்க, இளையவர் சில்லறை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் மாவு அரைக்கும் சத்தம் கேட்டது. சந்தேகம் தோன்றி நான் கடையின் பின்கட்டுக்குப் போனேன். மீட்டர் பலகைக்குக் கீழே, பழைய மரவாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அப்பத்தா உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த சுருக்குப்பையின் வாய் வழியே, பாக்குக்கும் புகையிலைக்கும் நடுவில், வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை ஒன்று எட்டிப் பார்த்தது.

"கரண்டு எப்ப வரும் அப்பத்தா?" என்றேன்.

அவர் வாசற்பக்கம் ஒரு தரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வரும் வரும். இன்னும் ஒரு டப்பா விக்கட்டும்" என்றார்.